மார்ட்டின் கோரின் சுற்றுச்சூழல் பொருளியல் சிந்தனை: கெடாத் தோட்டப்புற நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

மலேசியத் தமிழாய்வு தோட்டப்புற வாழ்வை இதுகாறும் பெரும்பாலும் இலக்கியத்தின் வழியாகவும் வரலாற்றின் வழியாகவுமே அணுகி வந்துள்ளது. நாவல், சிறுகதை, நாட்டுப்புறப் பாடல், தொழிற்சங்க வரலாறு ஆகியவை நம் ஆய்வுக் களங்களாக நிலைபெற்றுவிட்டன. ஆனால், அத்தோட்டங்களின் தலைவிதியை வரையறுத்த பொருளியல் சிந்தனைகளைப் பிற துறையினர்க்கு உரியவை என நாம் ஒதுக்கிவிடுகிறோம். பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனை நடப்பட்டதும், செம்பனை நின்ற நிலத்தில் தாமான்கள் எழுந்ததும் இயற்கையாக நிகழ்ந்தவை அல்ல. அவை ஒவ்வொன்றும் ஒரு கணக்கின் விளைவு. அக்கணக்கை எழுதியோரையும் அதனை மறுத்து வேறு கணக்கு எழுத முனைந்தோரையும் படிப்பது தமிழாய்வின் எல்லைக்குப் புறம்பானதன்று என்பதே நம் கருத்து.

இந்நோக்கில், பினாங்கில் பிறந்து உலக அரங்கில் பணியாற்றிய பொருளியலர் மார்ட்டின் கோர் (1951–2020) அவர்களின் சிந்தனையை இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது. பல்கலைக்கழகங்களில் பாடமாகக் கற்பிக்கப்படும் சுற்றுச்சூழல் பொருளியலின் குறுகிய பொருளில் அவரை அத்துறையினர் எனக் கூறவியலாது. நீருக்கும் காட்டுக்கும் விலை காணும் சூத்திரங்களை அவர் வகுக்கவில்லை. சுற்றுச்சூழல் கேடு என்பது வாணிக விதிகளோடும் கடனோடும் காலனிய வரலாற்றோடும் பிணைந்தது என்பதை நாற்பது ஆண்டுகள் எழுதியும் பேசியும் நிறுவியதே அவர் பணி. அவர் பணியாற்றிய பினாங்கிற்கும் கெடாவிற்கும் இடையே வடக்கில் மூடா ஆறுதான் எல்லை. எனவே, அவர் நாடுகளுக்கிடையே கேட்ட நீதி ஆற்றுக்கு அப்பாலுள்ள தோட்டத்திற்கு எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்று வினவ நமக்கு உரிமை உண்டு.

பினாங்கிலிருந்து ஜெனிவா வரை

கேம்பிரிட்ஜில் பொருளியல் பயின்ற கோர், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வை மேற்கொண்டார். பின்னர், எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்களின் தலைமையில் இயங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் ஆய்வுப் பிரிவை வழிநடத்தினார். அச்சங்கம் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் மக்களிடம் பேசியது என்பது இங்குக் கருதத்தக்கது. அதன் தமிழ் இதழான 'பயனீட்டாளர் குரல்' தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் படிக்கப்பட்டது. கள், பூச்சிமருந்து, குடிநீர், குடியிருப்பு ஆகியவற்றைப் பயனீட்டாளர் சிக்கல்களாகக் கண்ட அவ்வியக்கச் சூழலில்தான் கோரின் பொருளியல் உருப்பெற்றது.

1983இல் கோர் கோக் பெங் என்னும் பெயரில் அவர் வெளியிட்ட மலேசியப் பொருளாதாரம் பற்றிய நூல், அதன் தலைப்பே சுட்டுவதுபோல், நாட்டுப் பொருளாதாரத்தின் அமைப்பையும் சார்புநிலையையும் ஆராய்ந்தது. 1984இல் பயனீட்டாளர் சங்கம் பினாங்கில் கூட்டிய மாநாட்டின் விளைவாக மூன்றாம் உலக வலையமைப்பு தோன்றியது. 1990 முதல் 2009 வரை கோர் அதன் இயக்குநராக விளங்கினார். 1992இல் ரியோவில் நடைபெற்ற புவி உச்சி மாநாடு, 1995இல் தோன்றிய உலக வாணிக அமைப்பின் பேச்சுவார்த்தைகள், பருவநிலை உடன்பாடுகள் ஆகிய அனைத்திலும் வளரும் நாடுகளின் பேராளர்கள் அவருடைய குறிப்புகளை நாடினர். 2009 முதல் 2018 வரை ஜெனிவாவிலுள்ள தெற்கு மையத்தின் செயல் இயக்குநராகப் பணியாற்றினார். இதற்கிடையே நாளிதழில் வாரந்தோறும் எழுதிய பத்தி, கடினமான வாணிக விதிகளைப் பொதுவாசகர்க்கு எளிமையாக விளக்கியது. சிக்கலான பொருளை எளிய வாக்கியத்தில் சொல்லும் அவ்வாற்றல் அவருடைய உரைநடையின் முதற்சிறப்பு.

உலக வங்கியின் பணியாளராகவோ அரசின் ஆலோசகராகவோ தொடங்காமல், ஒரு நுகர்வோர் சங்கத்தின் மேசையிலிருந்து உலக அரங்கிற்குச் சென்றவர் என்பதே அவர் வாழ்வுப்பணியின் தனித்தன்மை. அனைத்துலக வளர்ச்சித் துறையில் பெரும்பாலோர் மேலிருந்து கீழ்நோக்கி வருவர். இவர் எதிர்த்திசையில் சென்றார். அவ்வாறு மேலே சென்றபொழுது கீழே எதனை விட்டுச் சென்றார் என்பதையும் நாம் காண வேண்டும்.

வளிமண்டலக் கணக்கு

கோரின் சிந்தனை முதிர்ச்சியை 2010இல் தெற்கு மையம் வெளியிட்ட அவருடைய ஆய்வறிக்கையில் காணலாம். வளிமண்டல வெளியையும் வளர்ச்சி வெளியையும் நியாயமாகப் பகிர்வது பற்றியது அது. 1850 முதல் 2008 வரை உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் ஏறத்தாழ 72 விழுக்காடு வளர்ந்த நாடுகளுடையது. அந்நாடுகளின் மக்கள்தொகைப் பங்கோ ஏறத்தாழ 25 விழுக்காடே. எனவே, தம் நியாயமான பங்கிற்கு மேல் அவை பயன்படுத்திய அளவு ஒரு கடனாகும். எஞ்சியுள்ள வெளியைப் பகிரும்பொழுது அக்கடன் கணக்கில் வரவேண்டும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, இயற்கையின் ஏற்பளவுக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டாவது, அவ்வெல்லைக்குள் ஒவ்வொரு மனிதருக்கும் சமபங்கு உண்டு. மூன்றாவது, கடந்த காலத்தில் ஒருவர் மிகையாக எடுத்துக்கொண்டது காலம் கடந்துவிட்டதனால் மறைந்துவிடாது. முதற்படியைச் சுற்றுச்சூழல் அறிஞர் பலரும் ஏற்பர். இரண்டாம் படியை அறநோக்குடைய பொருளியலர் ஏற்பர். மூன்றாம் படியே கோரின் வாதத்திற்கு வலிமை தருவது. வரலாற்றைக் கணக்கேட்டிலிருந்து நீக்க மறுக்கும் பொருளியல் அது.

எனினும், இக்கணக்கின் அலகு நாடு. மலேசியா என்பது அதில் ஒரே எண்ணாக நிற்கிறது. அவ்வெண்ணுக்குள் யார் எடுத்துக்கொண்டார், யார் கொடுத்தார் என்பது புலப்படுவதில்லை. இங்குதான் நம் மதிப்பீடு தொடங்குகிறது.

கெடாவின் இரு நிலங்கள்

பொருளியலர் கண்ட கெடா ஒன்று. காணாத கெடா மற்றொன்று. வடக்கே அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த நெல்வயல் சமவெளி, மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் உலகப் புகழ் பெற்றது. உலக வங்கியின் கடனுதவியோடு மூடா, பெடு அணைகள் எழுந்தன. 1970இல் இருபோக நெல் சாகுபடி தொடங்கியது. கிளைவ் பெல், பீட்டர் ஹேசல், ரோஜர் ஸ்லேட் ஆகியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வு, திட்டத்தால் வேளாண்மையில் நேரடியாகக் கிடைத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் அவ்வட்டாரத்தின் பிற தொழில்களில் மேலும் ஏறத்தாழ 80 காசு வருமானம் உருவானது எனக் கணக்கிட்டது. திட்ட மதிப்பீட்டுத் துறையில் இது பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு. அதே சமவெளியின் சிற்றூர் ஒன்றில் தங்கிக் களப்பணி செய்த ஜேம்ஸ் ஸ்காட், அறுவடை இயந்திரங்களால் வேலையிழந்த ஏழை உழவர்களின் மௌன எதிர்ப்பை 1985இல் நூலாக்கினார். வங்கியின் கணக்கில் விடுபட்டதை மானிடவியலர் ஒருவர் நிரப்பினார் எனலாம்.

தெற்கே கூலிம், பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப்பட்டாணி, பீடோங், பாலிங் என விரியும் ரப்பர் நிலத்திற்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அங்கு நடந்தவை தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றனவேயன்றி வளர்ச்சிப் பொருளியலில் இடம்பெறவில்லை. கள்ளுக்கடை எதிர்ப்பாகத் தொடங்கிக் கூலிப் போராட்டமாக வளர்ந்த தொண்டர் படை இயக்கம் 1947இல் பீடோங் வட்டாரத் தோட்டங்களை உலுக்கியது. விடுதலைக்குப் பின் வெள்ளை முதலாளிகள் தோட்டங்களை விற்றபொழுது, தரகர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினர். அத்துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்து அரசுக்கு எடுத்துரைத்தார். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் 1961இல் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம்.

இச்செய்தியை நாம் வெறும் சமுதாய வரலாறாகவே கற்பித்து வருகிறோம். ஆனால், இது ஒரு பொருளியல் விடை. நிலத்தின் மதிப்பு அதன் சந்தை விலை மட்டுமன்று. அதில் வாழ்வோரின் வீடு, பள்ளி, கோயில், இடுகாடு அனைத்தும் அம்மதிப்பில் அடங்கும் என்பதை அத்தொழிலாளர் தம் சேமிப்பால் அறிவித்தனர். சுற்றுச்சூழல் பொருளியல் இன்று 'புறவிளைவு' எனப் பெயரிடுவதை அவர்கள் பெயரிடாமலே அறிந்திருந்தனர். ஒருவர் செய்யும் வாணிகத்தின் செலவை, அவ்வாணிகத்தில் பங்கில்லாத பிறர் சுமப்பதே புறவிளைவு. தோட்டம் விற்கப்பட்டால் ஆதாயம் விற்றவர்க்கும் வாங்கியவர்க்கும், வீடிழப்பதோ தொழிலாளி.

உடைமை மாறியும் மாறாத நிலை

கோரின் தொடக்ககால எழுத்து சார்புநிலைக் கோட்பாட்டின் தாக்கம் உடையது. அந்நிய மூலதனம் உபரியை வெளியேற்றுகிறது. ஆகவே, பொருளாதார இறைமை வேண்டும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். இதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை வரலாறே மலேசியாவிற்கு வழங்கியது. 1981 செப்டம்பரில் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளைத் தேசிய முதலீட்டு நிறுவனமாகிய பெர்மோடாலான் நேஷனல் ஒரே காலைப்பொழுதில் வாங்கியது. அதனையடுத்து ஏனைய பெருந்தோட்ட நிறுவனங்களும் மலேசியர் கைக்கு வந்தன. உபரி இலண்டனுக்குச் செல்வது பெருமளவு நின்றது.

ஆனால், விடியற்காலைப் பிரட்டுக்கு நின்றவரின் நிலை மாறியதா? நாட்கூலி நாட்கூலியாகவே நீடித்தது. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்னும் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. உடைமை நாடு மாறியதற்கும் ஊதியம் சட்டமானதற்கும் இடையே ஏறத்தாழ முப்பத்தொரு ஆண்டுகள். இக்கால இடைவெளியைச் சார்புநிலைக் கோட்பாட்டால் விளக்க இயலாது. உபரி எங்கே செல்கிறது என்ற வினாவோடு, உபரி எவரிடமிருந்து எடுக்கப்படுகிறது என்ற வினாவும் எழ வேண்டும். கோர் முதல் வினாவை வாழ்நாள் முழுவதும் கேட்டார். இரண்டாம் வினா அவருடைய பயனீட்டாளர் சங்கக் காலத்தில் உரக்க ஒலித்தது; ஜெனிவாவை நெருங்க நெருங்க மெலிந்தது.

மருந்தடிப்போர்

பாராகுவாட் எனப்படும் களைக்கொல்லியின் கதை கோரின் சிந்தனைக்குச் சான்றாகவும் அதன் எல்லைக்கு அடையாளமாகவும் ஒருங்கே அமைகிறது. தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை பெரிதும் பெண்களுடையது. முதுகில் தோம்பைச் சுமந்து, காற்று வீசும் திசையெல்லாம் தம்மேல் தெறிக்கும் நஞ்சோடு அவர்கள் உழைத்தனர். தோல் புண், நகம் கறுத்து உதிர்தல், மூக்கிலிருந்து குருதி வடிதல் ஆகியவை தோட்ட மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சிகள். ஐரீன் பெர்னாண்டசின் தெனாகானித்தா அமைப்பும் பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் இணைந்து 2002இல் இப்பெண்களின் நிலையை ஆவணப்படுத்தின.

2002இல் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அம்மருந்திற்கு அளிக்கப்பட்டிருந்த அனுமதி நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது. எனினும், தன் நிலத்தில் பயன்படுத்த அனுமதியாத அம்மருந்தை இங்கிலாந்து தொடர்ந்து உற்பத்தி செய்து பிற நாடுகளுக்கு அனுப்பியது. மலேசியாவில் முழுத்தடை 2020 சனவரி முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

வடக்கின் இரட்டை அளவுகோல் பற்றிய கோரின் குற்றச்சாட்டு இதில் ஐயமற மெய்ப்படுகிறது. ஆனால், 2006இன் தளர்வை எவ்வாறு விளக்குவது? வளரும் நாடுகளுக்குக் 'கொள்கை வெளி' வேண்டும், அதாவது தம் சட்டத்தைத் தாமே இயற்றும் உரிமை வேண்டும் என்பது அவர் ஓயாது வலியுறுத்திய கோரிக்கை. இங்கு அவ்வெளி இருந்தது. தடைசெய்யும் உரிமையும் இருந்தது. தடையைத் தளர்த்தும் உரிமையும் இருந்தது. தளர்த்தும்பொழுது பெருந்தோட்டத் துறையின் உற்பத்திச் செலவு எண்ணப்பட்டது. மருந்தடிக்கும் பெண்ணின் நுரையீரல் எண்ணப்படவில்லை. கொள்கை வெளி என்பது வெற்று வீடு போன்றது. அதில் யார் குடியேறுகிறார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

சுங்கைப்பட்டாணியின் புகை

தோட்டத்தை விட்டு வெளியேறியோர் சேர்ந்த இடங்களுள் முதன்மையானது சுங்கைப்பட்டாணி. கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின் தென்கெடாவின் நகர வாழ்வு முற்றும் மாறியது. லயத்தில் பிறந்தவர்கள் தொழிற்சாலை வேலைக்கும் தாமான் வீட்டிற்கும் பெயர்ந்தனர். இப்பெயர்ச்சியில் முன்னேற்றம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

2018 தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியைத் தடுத்ததும், வளர்ந்த நாடுகளின் குப்பை மலேசியாவை நோக்கித் திரும்பியது. சிலாங்கூரின் ஜெஞ்சாரோமைப் போன்றே சுங்கைப்பட்டாணி வட்டாரமும் அதற்கு இலக்கானது. இரவில் எரிக்கப்படும் நெகிழியின் புகையால் குடியிருப்பாளர்கள் துன்புற்றனர்; 2019இல் ஊர்மக்களே ஒன்றுகூடிக் குரல் எழுப்பினர். அவ்வாண்டு மே மாதத்தில் பாசல் உடன்படிக்கையில் நெகிழிக் கழிவு பற்றிய திருத்தம் ஏற்கப்பட்டது. 2021இல் அது நடைமுறைக்கு வந்தது.

வடக்கு தன் கழிவைத் தெற்கில் கொட்டுகிறது என்னும் கோரின் கூற்றுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா. அதே வேளையில், கழிவு தெற்கின் எல்லா இடங்களிலும் கொட்டப்படுவதில்லை. நிலம் மலிவாகவும் குரல் மெலிவாகவும் உள்ள இடங்களையே அது தேடிச் செல்கிறது. அவ்விடங்களில் ஒன்று, முன்பு வேறொருவரின் ஆதாயத்திற்காகத் தம் உழைப்பை அளித்தவர்களின் பிள்ளைகள் வாழும் நகரமாக அமைந்தது தற்செயலன்று. தெற்கினுள்ளும் ஒரு தெற்கு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இதற்கு மாறாக, உலு மூடாக் காட்டைக் கருதுக. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து பெறப்படுகிறது. அந்நீர்ப்பிடிப்புக் காட்டை வெட்டாமல் காப்பதற்கு ஈடாகத் தனக்குப் பணம் வேண்டும் எனக் கெடா மாநில அரசு பலமுறை கோரியுள்ளது. இயற்கை தரும் பணிக்கு விலை கேட்கும் மொழியை மாநில அரசு கற்றுக்கொண்டது. இரண்டு தலைமுறை உழைப்பிற்கும் உடல்நலக் கேட்டிற்கும் விலை கேட்கும் மொழி தோட்ட மக்களுக்குக் கிட்டவில்லை. மரத்திற்கு வழக்காட ஓர் அரசு உண்டு.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

கோரின் சார்பில் ஒரு மறுப்பு எழக்கூடும். அனைத்துலகப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்வன நாடுகளே. வளரும் நாடுகளின் உள்வேற்றுமைகளை அங்கு விரித்துரைத்தால் வளர்ந்த நாடுகள் அதனையே சாக்காகக் கொண்டு தம் பொறுப்பினின்று நழுவும். இம்மறுப்பு வலிமையானது. 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்னும் ரியோ நெறியை நீர்த்துப்போகச் செய்ய நடந்த முயற்சிகள் இதற்குச் சான்று. கோர் தெற்கின் ஒற்றுமையைக் காத்தது அரசியல் விவேகமே, அறியாமையன்று.

எனினும், பேச்சுவார்த்தைக்கு உகந்த அலகு, ஆய்வுக்கும் உகந்த அலகாகிவிடாது. மிகையாக எடுத்துக்கொண்டவர் கடன்பட்டவர் என்னும் கோரின் நெறி எண்ணிக்கை பற்றியதன்று, அறம் பற்றியது. அறம் குடிநுழைவு அலுவலகத்தோடு நின்றுவிடாது. வளிமண்டலத்திற்கு 1850இலிருந்து கணக்கெழுதலாம் எனின், ரப்பருக்கும் அவ்வாறே எழுதலாம். நாட்டின் சாலையும் துறைமுகமும் எழப் பொருளீட்டியவர்களுக்கு அந்நாட்டின் வளர்ச்சியில் எஞ்சிய பங்கு எவ்வளவு என்று கேட்பது, கோரின் நெறியை மறுப்பதன்று; அதனை முழுமையாக்குவது. அவர் தந்த அளவுகோலைக் கொண்டே அவர் அளக்காத நிலத்தை நாம் அளக்கிறோம்.

தமிழ்மரபு இவ்வளவைக்கு ஓர் அடித்தளம் தருகிறது. தொல்காப்பியர் வகுத்த கருப்பொருளில் மரமும் விலங்கும் பறவையும் உணவும் தொழிலும் ஒரே நிரலில் நிற்கின்றன. நிலத்தைப் பற்றிப் பேசும்பொழுது அதில் உழைப்போரை நீக்கிப் பேசும் வழக்கம் திணைக் கோட்பாட்டில் இல்லை. சுங்கைப்பட்டாணி வட்டார எழுத்தாளர் சீ. முத்துசாமி தோட்ட வாழ்வை எழுதிய நாவலுக்கு 'மண்புழுக்கள்' எனப் பெயரிட்டதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். மண்ணை வளமாக்கும் உயிர், மண்ணின் விலையில் சேர்க்கப்படுவதில்லை. ஒரு பொருளியல் நூல் பல பக்கங்களில் விளக்க வேண்டியதை அத்தலைப்பு ஒரு சொல்லில் உணர்த்திவிடுகிறது.

முடிவுரை

மார்ட்டின் கோர் வரலாற்றைப் பொருளியல் கணக்கேட்டில் மீண்டும் சேர்த்தவர். அனைத்துலக வளர்ச்சித் துறையில் ஏழை நாடுகளுக்குச் சொல்லும் சான்றும் அளித்தவர். அவருடைய கணக்கின் அலகு நாடாகவே நின்றதால், நாட்டினுள் கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் வேறுபடுத்தப்படவில்லை. இது அவர் பணியின் எல்லை. அவ்வெல்லையைக் கடப்பது அவருக்குப் பின்வந்தோரின் கடமை. அவருள் தமிழாய்வாளரும் அடங்குவர்.

இக்கடமை தமிழாசிரியர்க்கு மிக நெருக்கமானது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்ட பின்னும் பல இடங்களில் எஞ்சி நிற்பவை கோயிலும் தமிழ்ப்பள்ளியுமே. அப்பள்ளிகளின் மாணவர் வருகைப் பதிவேடுகள், ஒரு தோட்டம் எந்த ஆண்டில் எவ்வாறு கலைந்தது என்பதைக் காட்டும் பொருளியல் ஆவணங்கள். மருந்தடித்த பாட்டியின் நினைவும், பத்து வெள்ளி சேமித்த தாத்தாவின் பங்குப் பத்திரமும் அத்தகையனவே. மாணவர்களைக் கொண்டு இவற்றைத் தொகுக்கும் பணி பெரும் பொருட்செலவு வேண்டுவதன்று. காலம் மட்டுமே குறைவாக உள்ளது, அவ்விருவர் தலைமுறையும் மறைந்து வருவதால். மூடா வயல்வெளிக்கு வங்கி ஒரு கணக்கு எழுதியது. தென்கெடாவின் ரப்பர் நிலத்திற்கு உரிய கணக்கை எழுதும் பொறுப்பு நம்முடையது.